மூன்று முறை ஸ்கேன் செய்தால்தான் மீன்

மலையாளக் கர்க்கடக மாதம் ஏழாம் தேதி, பகல் பதினொன்று இருபது, சாரல்மழை. நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே பணத்தை ஆளத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று அன்று எனக்கு உறுதியாயிற்று. எங்கள் முக்கில் மீன் விற்கும் அந்த அக்காவை எல்லோரும் ‘மூணட்டை’ என்போம்.

கழுத்தில் ஜெபமாலையோடு மூன்று க்யூஆர் அட்டைகள் தொங்கும். மூன்றும் தனித்தனி வங்கிக் கணக்கு: மறுநாள் மீன் ஏலத்துக்கான முதலீடு, ஐஸும் ஆட்டோவும், வீடு. நூறு ரூபாய்க்கு மீன் வாங்கினால் எழுபது, பத்து, இருபது என்று மூன்று முறை அனுப்பவேண்டும். ஒருநாள் இரண்டாவது அட்டையில் என் கைபேசி சுற்றிக்கொண்டே நின்றது. பின்னால் ஆறு பேர்.

“மொத்தமா ஒண்ணுல போட்டா என்ன?”

“ஒண்ணுல கெடந்தா எல்லாம் லாபம்ணு தோணும் சாறே. பின்ன தின்னு தீத்துப்போடுவேன்.”

முன்பெல்லாம் கந்துவட்டி பிளேடுக்காரனிடம் காலையில் வட்டிக்கு வாங்கி, மாலையில் லாபத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டு வெறும் மீன் சருவத்தோடு வீடு போனவர். அட்டைகள் வந்தபின் ஐந்து மாதமாக வாங்கவில்லை. அவன் மட்டும் பழக்கதோஷத்தில் தினமும் பைக்கை நிறுத்துவான்.

அந்த ஏழாம் தேதி கடற்கரையிலிருந்து அவருக்குப் போன் வந்தது. மீன் குறைவு, நாளை ஒரு கூடை நாலாயிரம். முதல் அட்டையில் மூவாயிரத்து இருநூறுதான் இருந்தது.

“எக்கா, எண்ணூறுதானே? நான் தாறேன்” என்று பிளேடுக்காரன் பர்ஸைத் திறந்தான்.

“எலே, ஒனக்க எண்ணூறு நாளைக்கு ஆயிரமாவும். பிறகு எனக்க சருவமும் ஒனக்காக்கும். போ மக்கா, மழை நனையாத.”

“வீட்டு அட்டையில் எடுக்கலாமே” என்றேன்.

“அது மகளுக்க நர்சிங் பீஸாக்கும். ஒரு தடவ கை வச்சா பின்ன அது அட்டையா சாறே? நாளைக்கு ஏலமும் இல்ல, கச்சவடமும் இல்ல, அவ்வளவுதான்.”

பக்கத்தில் புதிதாக ஏசி மீன்கடை வந்திருந்தது. ஒருநாள் இவர் வராவிட்டால் ஆட்கள் அங்கே பழகிவிடுவார்கள்.

“எண்ணூறு ரூவா மீனுக்கு இப்பவே பைசா தாறேன். தினமும் கொஞ்சமா மீன் தந்தா போதும்” என்றேன்.

“கடனா?”

“கச்சவடம்.”

“அப்பம் சரி.” மூன்று அட்டைகளையும் நீட்டினார். “ஐநூத்தி அறுவது, எம்பது, நூத்தி அறுவது.”

முதல் அட்டையில் எண்ணூறு விழ வேண்டுமென்றால் மொத்தம் எண்ணூறு போதாது! சட்டத்தை எனக்காகத் தளர்த்துவாரா? மாட்டார். குடைக்குள் கணக்குப் போட்டு எண்ணூற்றைந்து, நூற்றுப் பதினைந்து, இருநூற்று முப்பது என்று மூன்று முறை அனுப்பினேன்.

மறுநாள் சருவம் நிறைய வந்தார். பிளேடுக்காரன்கூட கால் கிலோ வாங்கி, மூன்று முறை ஸ்கேன் செய்தான்.

அந்த மழையில் தினமும் கிடைத்தது சாளை என்ற மத்தி மட்டுமே. யூரிக் அமிலத்தால் சாளை எனக்கு ஆகாது. சொன்னால் பணத்தைத் திருப்பிவிடுவார் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கான செலவு ஆயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.