மீற்றர் அண்ணையின் வெள்ளிக்கிழமை ஓணான்

பிடிவாதத்துக்கு ஒரு கோயில் கட்டினால் மூலஸ்தானத்தில் மீற்றர் அண்ணையைத்தான் வைக்க வேண்டும். வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசிப்பது அவர் வேலை. தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் அடியோடு நின்றது. அவர் நிற்கவில்லை. காக்கிக் காற்சட்டையும் தொப்பியுமாகக் காலையில் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார்.

"கரண்ட் இல்லாத மீற்றரிலை என்னண்ணை பாக்கிறியள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஓடேல்லை எண்டு ஆராவது போய்ப் பாக்க வேண்டாமோ?" என்றார்.

திருநெல்வேலியில் அவருடைய வீட்டு முன்னறையில் நான் சாப்பாட்டோடு வாடகைக்கு இருந்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுத்து வேலை, கல்யாணம் ஆகாத வயது, மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத நாக்கு. அண்ணையின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா வைக்கும் பாரைமீன் குழம்புக்காகவே, ஒழுகும் கூரையைப் பொறுத்துக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அந்த வீட்டில் மரக்கறி. அந்த நாட்களில் மீன் சமைக்கும் மச்சச் சட்டி வீட்டுப் பின்கோடிக்குப் போய்விடும். எனக்கு அவை துக்க நாட்கள்.

அடுத்த ஒழுங்கையில் ஒரு கப்பற்காரப் பெடியன் இருந்தான். எந்தத் தேசத்திலிருந்தோ ஒரு பச்சைப் பிராணியைக் கொண்டுவந்து வளர்த்தான். திரும்பக் கப்பலேறப் புறப்பட்ட அன்று அதைச் சாக்கோடு மீற்றர் அண்ணையின் கையில் கொடுத்தான்.

"இகுவானா எண்டு பேர் அண்ணை. அந்தப் பக்கத்து ஓணான். வந்து வாங்குவன், பத்திரம்."

கொழும்புக்குப் போகிற அவசரத்தில், அது என்ன தின்னும் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதைதான்" என்றார் அக்கா.

"இது வேலியிலை போகேல்லை. கப்பலிலை வந்தது" என்றார் அண்ணை.

முதல் வேலையாக அதற்கு வீடு. கரண்ட் இல்லாமல் சும்மா நின்ற குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் கழற்றி, உள்ளே பூவரசங் கொப்பு ஒன்றைச் செருகினார். ஓணான் உள்ளே ஏறிப் படுத்தது. குளிரே இல்லாத அந்தப் பெட்டி அப்போதுதான் ஒரு பிரயோசனத்துக்கு வந்தது.

சாப்பாடுதான் சிக்கல். உடும்பு அளவு இருக்கிறது, ஆகவே உடும்புச் சாப்பாடுதான் என்று அண்ணை தீர்மானித்தார். அதோடு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மச்சம் போடாமல் விடலாமா? கடலுக்குப் போவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் எங்கெங்கோ அலைந்து விளைமீன் கொண்டுவந்தார். ஓணான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒட்டிமீன் வந்தது. கணவாய் வந்தது. அதற்கென்று உறைப்பில்லாமல் அவித்த நண்டுகூட வந்தது. அது தொடாததெல்லாம் மிளகாய்த்தூளோடு மறுபடி அடுப்பேறி என் தட்டுக்கு வந்தது. நான் கொழுத்தேன். ஓணான் மெலிந்தது.

"செத்துப் போகப்போகுது. விட்டுடுங்கோ" என்றார் அக்கா.

"நம்பித் தந்தவன் வந்து கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? இது சாப்பிடாமல் நானும் விடமாட்டன்!"

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் மீன் இல்லை. ஓணானுக்கு வெறுந்தட்டு வைக்க மனமில்லாமல் அண்ணை, வறைக்கு ஆய்ந்த முருங்கையிலையில் ஒரு பிடியும் சாமித்தட்டிலிருந்து ஒரு செவ்வரத்தம்பூவும் எடுத்து வைத்தார். ஓணான் பூவை ஒரே வாயில் விழுங்கிவிட்டு இலைக்கு வந்தது.

"இஞ்சேரும்! ஓடி வாரும்! சாப்பிடுது!"

சனிக்கிழமை சந்தோஷத்தில் பெரிய பாரையாக வாங்கிவந்தார். ஓணான் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிறும் திங்களும் பட்டினி. செவ்வாய்க்கிழமை இலை வைத்தார். ஒன்றும் மிச்சமில்லை. அண்ணைக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

"தம்பி, செவ்வாய் வெள்ளி தவறாமல் விரதச் சாப்பாடு. மற்ற நாள் முழுப்பட்டினி. உது போன பிறப்பிலை எங்கடை ஆளடா!"

செய்தி உரும்பிராய் வரைக்கும் போனது. கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரையோடு ஆட்கள் வந்து, குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். ஓணான் கண்ணை மூடித் தாடையை ஆட்டியது. "தியானம்" என்றார் அண்ணை. பக்தர் விரதம் இருந்த நாட்களின் மீனெல்லாம் எனக்குத்தான் என்பதால் நானும் பயபக்தியோடு தலையாட்டினேன்.

இரண்டு கிழமை இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"விசரே உங்களுக்கு? உதுக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது. உது இலை தின்னுற சாதி! மீனை வைச்சு நீங்கள்தான் பட்டினி போடுறியள்!"

அன்றிலிருந்து தினமும் இலை. அத்தோடு முடிந்திருந்தால் நான் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். முடியவில்லை. மீன் தின்ற கையால் இலை கொடுத்தால் ஓணான் வாங்குவதில்லை என்று அண்ணை கண்டுபிடித்தார். கழுவுவதென்றால், பொருட்களுக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் சவர்க்காரம் பொன்னுக்குச் சமம். ஆகவே அந்த வீட்டில் ஏழு நாளும் வெள்ளிக்கிழமை ஆனது. மீன் தலையை உறிஞ்சாமல் எழும்பாத மனிதர், மீனையே விட்டார். நானும் முருங்கையிலை தின்றேன். ஓணானுக்குப் பளபளப்பு ஏறியது, எனக்கு இறங்கியது. வேறு அறை பார்க்க வேண்டும் என்று மாதா மாதம் நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

கப்பற்காரப் பெடியன் திரும்பி வரவேயில்லை. தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்கி, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அக்கா அரிசியைத் தூக்கினார், நான் உடுப்புப் பெட்டியைத் தூக்கினேன். மீற்றர் அண்ணை ஓணானைச் சாக்கில் வைத்துச் சைக்கிளில் கட்டி, மழையில் தன் சட்டையைக் கழற்றி அதற்கு மூடினார். சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்தபோது அவருக்கு நல்ல காய்ச்சல்.

மத்தியானம் அந்த வீட்டார் சோறு கொடுத்தார்கள். தட்டில் ஒரு துண்டுப் பாரை. எத்தனை வருடம்! பிசையக் கை வைக்கப் போனேன். அண்ணை பாயில் கிடந்தபடி கூப்பிட்டார்.

"தம்பி, அதுக்கு இலை குடுக்க வேணும். எனக்குக் கை நடுங்குது." பிறகு என் தட்டைப் பார்த்துவிட்டார். "பரவாயில்லை, நீர் சாப்பிடும். ஒரு நாள் கிடந்தால் அது சாகாது."

அதைச் சொல்லும்போது அவர் சாக்கைத்தான் பார்த்தார். தட்டை அப்படியே அக்காவிடம் நீட்டிவிட்டு, முற்றத்துச் செவ்வரத்தையில் இலையும் பூவும் பிடுங்கி வந்தேன். ஓணான் என் கையிலிருந்து வாங்கித் தின்றது.

"ஏன் தம்பி, மீனை விட்டிட்டீர்?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை அண்ணை."

"ஓமோ?" என்றுவிட்டுக் கண்ணை மூடினார். வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டார் எப்படி மீன் சமைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.