கோர்வை போட்ட துப்பாக்கி

உறைவாதிகள் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். பொருள் இருப்பது பயன்படுத்துவதற்கு என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? உறைவாதிக்குப் பொருள் இருப்பதே உறை போடுவதற்குத்தான்.

எங்கள் பிள்ளையார்பாளையத்து உறைவாதி குமாரவேல் முதலியார். பட்டு நெசவில் கைதேர்ந்தவர். ஆனால் அவர் வீட்டு ரேடியோ, பூப்போட்ட உறைக்குள்ளிருந்து ஜலதோஷம் பிடித்தவர்போலச் செய்தி வாசிக்கும். சைக்கிள் சீட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் இன்னோர் உறை. குடையைப் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சிட்டு, மழை வந்தால் பை நனைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக நனைந்து வருவார். "பிரிச்சா பாழாயிடும்பா" என்பது அவருடைய மந்திரம்.

பக்கத்து ஊரான ஓரிக்கையில் வேர்க்கடலை பயிரிட்டிருந்த கலியன் நாயக்கர் இவருடைய நண்பர். பிடுங்க ஒரு வாரம் இருக்கும்போது காட்டுப்பன்றிகள் வர ஆரம்பித்தன. கலியனிடம் லைசென்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற ரகம். "குழலுக்கு அடியில கை வெக்கிற கட்டை வேர்வையில வழுக்குதுபா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

துப்பாக்கி அன்றே முதலியார் வீட்டுக்குப் போயிற்று. வாலாஜாபாத்திலிருந்து ஆட்டுத்தோல் வந்தது. காகிதத்தில் அளவெடுத்து, துணியில் வெட்டிப் பார்த்து, தோலை ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துச் சுற்றி, மெழுகு பூசிய பட்டுநூலால் மூன்று நாள் தைத்தார். கட்டை முடிகிற இடத்தில் மெல்லிய இடைவெளி ஒன்று தெரிந்தது. நெசவாளியின் கண் பொறுக்குமா? சேலையின் உடலையும் கரையையும் பிரியாமல் பிணைக்கிற கோர்வையைப்போல, தோலை இன்னும் நாலு விரல் நீட்டி, இடைவெளியை மூடி, இறுகத் தைத்துவிட்டார்.

"சேலையே கிழிஞ்சாலும் கோர்வை பிரியாது நாயக்கரே!"

"ஷோக்கா இருக்குது முதலியாரே" என்று தடவிப் பார்த்து மகிழ்ந்தார் கலியன்.

மறுநாள் விடியற்காலை, தன் உறையின் அழகைப் பார்க்க முதலியாரும் வயலுக்குப் போனார். ஏழு பன்றிகள், குட்டிகளோடு குடும்பமாக வந்திருந்தன. கலியன் தோட்டாவை எடுத்தார். துப்பாக்கியை மடிக்கப் பார்த்தார். மடியவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினார். ஊஹூம். துப்பாக்கி மடிவதே அந்த இடைவெளியில்தான்!

"இன்னாபா பண்ணி வெச்சிக்கிற? தொறக்கவே மாட்டேங்குது! அந்தக் கத்தியக் குடு!"

"ஐயோ, தோலை அறுத்துடாதபா! ஒவ்வொரு தையலா பிரிச்சித் தரேன்!"

துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தார் முதலியார். கூச்சலுக்கு அசருகிற பன்றிகளா அவை? பாதித் தையல் பிரிவதற்குள் பாதி வயல் போயிற்று. நாலு மாதப் பாடு பாழாவதைப் பார்த்தபடி கலியன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"அடுத்த வாட்டி கொக்கி வெச்சித் தெச்சிடலாம் நாயக்கரே" என்றார் முதலியார் மெதுவாக.

"மொதல்ல உன் வாய்க்கு ஒண்ணு தெச்சிக்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். நல்ல நாள் வரட்டும் என்று காகிதம்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே அந்தப் பட்டு, அது இதுவரை எத்தனை நல்ல நாள்களைக் கோட்டைவிட்டிருக்கிறது?