அலுமாரி வரிசையில் நாலாவது கதவு

சிவமயம்

த்ரீ கிங்ஸ்,
ஓக்லாந்து.
14.02.1999

பெருமதிப்பிற்குரிய திலகவதி மச்சாள் அவர்கட்கு,

இறைவன் கிருபையால் இங்கு நானும் உங்கள் தங்கை சரோஜாதேவியும் மகள் பிரணவியும் சுகமாக இருக்கிறோம். லண்டன் குளிர் உங்கள் முழங்காலை இம்முறையாவது மன்னித்து விட்டிருக்கும் என்று நம்புகிறோம். சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பே வந்து எங்களோடு ஆறு கிழமை தங்குவதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்து மிகவும் மகிழ்ந்தோம். மகிழ்ந்தோம் என்று எழுதுவது முறைக்காக. உண்மையில் அதை வாசித்த நாள் தொட்டு உங்கள் தங்கைக்கு வாயில் சாப்பாடு இறங்கவில்லை. அதன் காரணத்தை அவளுக்குத் தெரியாமல் உங்களிடம் ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவளுடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லச் சமையலறையில் மூன்று வருடம் வேலை செய்ததில் விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து, சில நாட்களில் இரத்தமும் வருகிறது. தண்ணீரும் சவர்க்காரமும் ஆறு மாதத்துக்கு ஆகாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டாள், வீட்டுக் கோப்பை சட்டி கழுவுவதை விடவில்லை. றப்பர் கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகிறது. நான் கழுவினால், கழுவியதை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவுகிறாள். இப்போது குழம்பின் உறைப்பு வெடிப்பில் பட்டால் எரியும் என்று சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறாள். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் கரண்டியால் சோறு சாப்பிட்டு நான் கண்டதில்லை. பக்கத்தில் இருந்து பிசைந்து சாப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது, மச்சாள்.

ஆகவே கோப்பை கழுவும் மெசின் ஒன்று வாங்குவோம் என்றேன். கனடாவில் இருக்கும் உங்கள் பெறாமகள் மெசின் வாங்கியபோது, "கோப்பை கழுவ மெசின் வைச்சவள் நாளைக்குப் புருசனுக்குச் சோறு தீத்தவும் மெசின் வைப்பாள்" என்று நீங்கள் டெலிபோனில் சொன்னது நினைவிருக்கலாம். சரோஜாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "அக்காவுக்குத் தெரிஞ்சால் நான் என்ன முகத்தோடை அவவோடை கதைக்கிறது?" என்று கேட்டாள். இதில் குற்றம் எனக்கும் உண்டு. 95ஆம் ஆண்டு நான் லண்டனில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, பதினாலு பேர் சாப்பிட்டு எழும்பிய சமையலறை ஒரு மணித்தியாலத்தில் பளபளவென்று கிடந்ததைக் கண்டேன். நீங்களோ சீலைத் தலைப்புக் கூட நனையாமல் வந்து எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அலுமாரியில் சாய்ந்து நின்று தேத்தண்ணி குடித்தபோது முதுகுக்கு இதமான சூடு. கேட்டதற்குச் சுடுதண்ணிக் குழாய் போகிறது என்றீர்கள். இங்கு திரும்பி வந்து, "உன்ரை கொக்காவைப் பார், என்ன கை, என்ன சுறுக்கு!" என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

கடைசியில் ஒரு வழி கண்டேன். வெஸ்ட்கேட்டில் புதிதாகத் திறந்த கடை ஒன்றில் அலுமாரிக் கதவு போல முன்னால் பலகை பொருத்தி மறைக்கக்கூடிய கோப்பை மெசின் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பலகைக்கு மேலே பொத்தான்கள் வரிசையாகத் தெரியும். அது தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு மீசையைக் காட்டுவது போன்றது. மற்றதில் பொத்தான்கள் கதவின் மேல் விளிம்பில் இருக்கும், சாத்தினால் பரம இரகசியம். கடைக்காரப் பொடியன் எத்தனை கோப்பை கொள்ளும், எவ்வளவு தண்ணி இழுக்கும் என்று விளங்கப்படுத்த, நான் இடைமறித்து, "ஐந்தடி தூரத்தில் நிற்கும் பெண்மணி ஒருவர் இதைக் கண்டுபிடிப்பாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, அந்தப் பெண்மணியின் கண்பார்வை எப்படி என்று கேட்டான். மிகக் கூர்மை என்றேன். இரண்டாவது சாதியையே தெரிவுசெய்தேன்.

பலகை செய்தது பாபகூராவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மலேசியத் தமிழர் செல்வராஜ். "அங்கிள், மெஷின் இருக்குன்னே யாருக்கும் தெரியக்கூடாதுன்னா அப்புறம் எதுக்கு லா மெஷின்?" என்று கேட்டார். நான் அளவு நாடாவை எடுத்தேன். முப்பது வருடம் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன் நான், மச்சாள். எத்தனையோ எல்லைச் சண்டைகளை என் அளவுச் சங்கிலி தீர்த்திருக்கிறது. முதல் பலகை பக்கத்துக் கதவை விட நாலு மில்லிமீற்றர் வெளியே நின்றது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவது பலகையின் பாரத்தை மெசின் தாங்காமல் கதவு தடாரென்று விழுந்து என் கால் பெருவிரல் நகம் போனது. மூன்றாவது பலகையில் மரத்தின் ரேகை கூட இரண்டு பக்கத்துக் கதவுகளோடும் ஓடிப் பொருந்தியது. நானே ஒருநாள் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் மூன்று கதவைத் திறந்து பார்த்தேன். சரோஜா முதன்முதலாகச் சிரித்தாள். இரண்டு கிழமை மெசின் ஓடியது, அவளுடைய விரல்கள் ஆறத் தொடங்கின.

பிறகு தீபாவளி வந்தது. பன்னிரண்டு பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். சமைத்த சட்டிகளைப் போட்டு, விருந்தாளிகள் வருமுன் ஓடி முடிந்துவிடும் என்று நான்தான் மெசினைப் போட்டேன். அது இரண்டு மணித்தியாலம் ஓடும் என்பதை நான் கவனிக்கவில்லை. எங்கள் சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு முடிந்ததும் பெண்கள் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு கழுவித்தர உள்ளே வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரி உஷா காதைக் கொடுத்துக் கேட்டு, "என்ன சார், உள்ள ஏதோ உறுமுது?" என்றாள். நான் பாய்ந்து போய் அந்தக் கதவில் சாய்ந்தேன். அவளும் பக்கத்தில் கையை வைத்து, "சுடுதே!" என்றாள். "சுடுதண்ணிக் குழாய் போகுது" என்றேன். அந்த வார்த்தை எப்படி அவ்வளவு சுறுக்காக வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. முக்கால் மணித்தியாலம் அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை. அவ்வளவு நேரமும் சரோஜா தொட்டிக்கு முன்னால் நின்று, பன்னிரண்டு பேரின் கோப்பைகளையும் வெறுங்கையால் கழுவினாள். "இந்த வயசுலயும் அக்கா என்னமா வேலை செய்றாங்க!" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள்.

அன்றோடு மெசினுக்குத் தடை போட்டுவிட்டாள். எங்கள் ஆட்கள் டெலிபோன் எடுத்துவிட்டா வருகிறார்கள்? எந்த நேரமும் யாராவது வரலாம் என்பதால் எந்த நேரமும் அது ஓடக்கூடாது. இப்போது அதற்குள் அப்பளமும் ஒடியல் மாவும் இருக்கின்றன, எறும்பு ஏறாது என்கிறாள். "டாட், ஜஸ்ட் யூஸ் இட்" என்று பிரணவி சொல்கிறாள். பிள்ளைக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் வந்து நிற்கப்போகும் ஆறு கிழமையும் சரோஜா மூன்று வேளையும் கையாலேயே கழுவப்போகிறாள். அந்தக் கை தாங்காது. ஊரில் நூறு பேர் என்ன சொன்னாலும் அவளுக்குப் பெரிதில்லை. நீங்கள் ஒருவர் "பாவியடி, மெசினிலை போடு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

கையால் கழுவியே குடும்பம் நடத்திய உங்கள் பெருமைக்கு இதனால் எந்தக் குறைவும் வராது என்பதைப் பணிவுடன் தெரிவித்து, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் சகல நலமும் தரப் பிரார்த்தித்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் அன்புக்குரிய மச்சான்,
சோதிலிங்கம்

பி.கு: ஒட்டி வைத்த கடிதம் உடைபட்டுவிட்டதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். தபாலில் போடும்வரை யார் கண்ணிலும் படாமலிருக்க மெசினுக்குள் ஒளித்து வைத்தேன். உள்ளே அப்பளம் இருப்பதை எழுதியவனே மறந்துவிட்டேன். சரோஜா அப்பளம் எடுக்கப் போனவள், பெயரைப் பார்த்து உடைத்து வாசித்துவிட்டு, உடனே உங்களுக்கு டெலிபோன் எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு உங்கள் குரல் தெளிவாகவே கேட்டது. "என்னட்டை அந்த மெசின் ஆறு வருசமா இருக்கடி, சரோ. நீ என்ன நினைப்பாயோ எண்டுதான் சொல்லேல்லை. உன்ரை மனுசன் சாய்ஞ்சு நிண்டு தேத்தண்ணி குடிச்சது அதிலைதான்."

நில அளவையாளன் என்ற பெருமையை நான் இன்றோடு விடுகிறேன்.

அதெல்லாம் நடந்து இன்றைக்குப் பத்து நாள். மெசின் பட்டப்பகலில், வாசல் கதவு திறந்தபடி ஓடுகிறது. நேற்று மத்தியானம் சரோஜா கத்தரிக்காய்க் குழம்பைக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். முத்திரை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், இதற்கு மட்டும் மறுதபாலில் பதில் போடுங்கள்: மெசினுக்கு உப்புப் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே, அது எந்த உப்பு? நாங்கள் கறிக்குப் போடுகிற உப்பைப் போட்டுவிட்டோம்.

சோ.