கனடாவிலிருந்து வந்த லினக்ஸ்

தொண்ணூற்றிரண்டு வீதம் இறங்கியிருந்தபோது இணைய இணைப்பு நான்காவது தடவையாக அறுந்தது.

தியாகராசா ரவுட்டரை முறைத்தார். கணினியை இயக்கும் பழைய லினக்ஸ் மென்பொருளில் வங்கிப் பக்கம் திறக்க மறுத்து ஒரு மாதமாகிறது. புதியதை இறக்கினால்தான் ஓய்வூதியம் வந்ததா இல்லையா என்று பார்க்கலாம். இந்த வெள்ளவத்தை இணைப்போ ஆமையிடம் கடன் வாங்கிய வேகத்தில் வருகிறது.

"கீழ ராசிக்கின்ர கடையில ஐந்நூறு ரூபாய்க்குப் பென்டிரைவில போட்டுத் தருவினமாம். வாங்குங்கோவன்" என்றார் மனைவி கனகேஸ்வரி.

"உலகத்துக்கே சும்மா குடுக்கிற சாமானுக்கு ஐந்நூறோ? உன்ர கடைப்படி மிதிக்க மாட்டன் எண்டு அவன்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு வந்தனான்!"

ஐந்தாவது முயற்சிக்கு, வீட்டில் யாரும் இணையத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார். கனகேஸ்வரி இணையத்தில் பார்க்கும் நாடகம் நின்றது. அதோடு தியாகராசாவின் நாலு மணித் தேநீரும் நின்றது. அறுபது வீதத்தில் மின்சாரமும் நின்றது.

மனிதர் அசரவில்லை. டொரொன்டோவில் இருக்கும் தங்கை மகன் லவனை அழைத்தார்.

"என்ர மாமி, மனிசியின்ர அம்மா, அடுத்த கிழமை கொழும்புக்கு வாறா. அவவிட்டக் குடுத்துவிடுறன், மாமா."

"பாத்தீரோ! சல்லிக்காசு செலவில்லை" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

கனடாவிலிருந்து வருகிறவரைச் சும்மா விடலாமா? விமான நிலையத்துக்கு வாடகை வான் பிடித்தார். ஏசி அறையை விருந்தாளி பூரணத்துக்குக் கொடுத்துவிட்டு ஹோலில் பாய் விரித்தார். முதல் நாள் நண்டு, அடுத்த நாள் இறால், மூன்றாம் நாள் இரண்டும்.

"பென்டிரைவ்...?" என்று மெல்ல இழுத்தார்.

"பெட்டிக்குள்ளதான் எங்கயோ கிடக்கு, அண்ணை. தேடித் தாறன்."

ஐந்தாம் நாள் காலையில் அது கைக்கு வந்தது. அரை மணித்தியாலத்தில் புதிய லினக்ஸ் ஏறியது. வங்கிப் பக்கமும் திறந்தது. தியாகராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

சொன்ன சொல் தவறாமல், கடைப்படியில் கால் வைக்காமல் நடைபாதையிலேயே நின்றார்.

"ராசிக்! வடிவாப் பாரும்! கனடாவில இருந்து வந்தது. உம்மட ஐந்நூறு ரூபாய் ஆருக்கு வேணும்?"

ராசிக் எழுந்து வந்து கையை நீட்டினான்.

"நல்லதாப் போச்சு, நீங்களே திருப்பிக் கொண்டுவந்துட்டீங்க ஐயா. கனடா மாமி மறந்துபோய் வீட்டுல வச்சுட்டு வந்தாங்கன்னு, நேத்து ஒங்கட வீட்டம்மா என்ட பென்டிரைவைத்தானே இரவலா வாங்கிட்டுப் போனாங்க, ஐநூறு ரூபாவும் தந்துட்டு."