மேலத் தெருவுக்குக் காப்பு

“ஏங்க்கா, நல்ல ரோட்டை விட்டுட்டு நான் எதுக்கு ஒங்க தெருவுக்குள்ள வாரேன்னு என்னைக்காவது நெனச்சுப் பாத்தீங்களா?” என்று பஸ் டிரைவர் சோலையப்பன் ஒருமுறை செவந்தியைக் கேட்டான்.

செவந்தி அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடியது அந்த பஸ். அன்னவாசல் மேலத் தெருப் பிள்ளைகளுக்கோ அந்தத் தெருவை விட்டால் விளையாட இடமில்லை. அன்று செவந்தி வெளியே வந்து பார்த்தபோது, அவள் ஒரே மகள் அமிர்தவல்லி பஸ்ஸுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

“இனிமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெரு புள்ளைகளுக்கு. வண்டி வரக்கூடாது” என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு, கிணற்றுக் கயிற்றைத் தெருமுனையில் குறுக்கே கட்டினாள்.

முதலில் வந்தது கருப்பனின் மாட்டுவண்டி. மாடுகள் கயிற்றைக் கொம்பில் மாட்டித் தெருக்கோடிவரை இழுத்துக்கொண்டு போயின.

“எனக்கே கயிறு தெரியல. மாட்டுக்கு எப்படித் தெரியும்?” என்றான் கருப்பன்.

நியாயம்தான். அடுத்த வாரம் செவந்தி கயிறு நெடுக வேப்பிலைக் கொத்துகளைச் செருகினாள்.

இம்முறை ஒரு வண்டியும் வரவில்லை. பிள்ளைகளும் வரவில்லை. பால்காரி மூக்காயி கயிற்றுக்கு அங்கிட்டே செம்பை வைத்துவிட்டு எட்டி நின்றாள்.

“யாரு வீட்டுல அம்மை?”

“யாருக்கும் இல்ல, மூக்காயி.”

“எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க.”

வீடுகள் சாத்திக் கிடந்தன. அமிர்தவல்லி மட்டும் நடுத்தெருவில் பத்திரமாக, தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.

செவந்தி கதவு கதவாகத் தட்டி, அம்மை இல்லை என்றாள்.

“அப்ப வேப்பிலை எதுக்கு?” என்று கேட்டார் தெருவுக்குப் பெரியவரான பெரியண்ணன்.

மாட்டுக்காக என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. “சாமிக்குத்தான் மாமா.”

“காப்பா கட்டிட்ட? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?”

காப்புக் கட்டினால் திருவிழா நடத்தியே ஆகவேண்டும். அதுவரை யாரும் வெளியூரில் தங்கக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. மணப்பாறைச் சந்தைக்குப் புறப்பட்டிருந்த செவந்தியின் கணவன் அழகுமலை, மாட்டைத் திரும்பக் கட்டிவிட்டு, தாளிக்காத குழம்பையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

நடுத்தெருவில் பந்தல் எழுந்தது. எந்தப் பிள்ளை ஓடினாலும், “சாமி இருக்குற எடத்துல என்ன ஆட்டம்?” என்று பெரியண்ணன் விரட்டினார்.

திருவிழா முடிந்ததும் அவரே தீர்ப்பும் சொன்னார். “ஆத்தா வந்து உக்காந்த தெரு. இனி பஸ்ஸு எந்த நாளும் இங்கிட்டு வரக்கூடாது. கயிறு அப்படியே இருக்கட்டும்.”

செவந்தி ஜெயித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெரு பெருக்கிவிட்டதுபோல் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளைகள் வாசல்படிகளில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் அமிர்தவல்லி உள்ளங்கை நிறையக் கரியோடு வந்து திட்டு வாங்குவாள். இப்போது கை சுத்தமாக இருந்தது. செவந்திக்கு அதிலும் ஒரு திருப்தி.

“போய் விளையாடுடி.”

“என்னத்தம்மா விளையாட?”

அப்போது சோலையப்பன் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

“ரோட்டு மேட்டுல வண்டி நின்னுருச்சு. உள்ள இருக்கவங்க எறங்கித் தள்ள மாட்டேங்கிறாங்க. புள்ளைகளைக் கொஞ்சம் அனுப்புங்கக்கா.”

“எம் புள்ளையவா? எதுக்குய்யா?”

“இதுகதான தெனம் தள்ளுச்சுக! ‘விளையாட ஒண்ணுமே இல்ல, எங்க தெரு வழியா வாங்க, நாங்க தள்ளுறோம்’னு என்னைக் கூப்பிட்டதே ஒங்க மகதானக்கா.”

செவந்தி மகளின் கைகளைப் பார்த்தாள். பிறகு தெருமுனைக்குப் போய், கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள்.