மவுஸைத் துறந்தவரின் விளக்கக் கடிதம்

மனிதகுல வரலாற்றை நெருப்புக்கு முன், நெருப்புக்குப் பின் என்று பிரிப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். மவுஸைத் துறப்பதற்கு முன், துறந்ததற்குப் பின் என்று பிரிப்பதே முறை. அந்த மாபெரும் துறவு ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு நிகழ்ந்தது. துறந்தவர், அங்கே வாடிக்கையாளர்களுக்குப் பதில் கடிதம் எழுதும் நம்மவர்.

‘ஞானம்’ அளித்தவர் பக்கத்து இருக்கை புரோகிராமர்.

“கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போனா மூணு செகண்ட் போச்சு சார். மொத்தமா ஒரு நாளைக்குப் பதினோரு நிமிஷம்.”

நம்மவர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருடமாக எத்தனை பதினோரு நிமிடங்களை வாரி இறைத்திருக்கிறோம்! மவுஸைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். கீபோர்டை மட்டுமே நம்பும் புதிய எடிட்டர் மென்பொருளுக்கு மாறினார். அதில் எழுத வேண்டுமானால் முதலில் ஒரு விசையைத் தட்டி அனுமதி பெற வேண்டும். எழுதி முடித்ததும் எஸ்கேப் விசையைத் தட்டித் தகவல் தெரிவிக்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. அன்று மாலைக்குள் ஒரு வரியைப் பன்னிரண்டு விதமாக அழிக்கக் கற்றுக்கொண்டார். அழிப்பதற்கு வரி இல்லை என்பதுதான் குறை.

அதே வாரத்தில் ஒரு சில்லறை வேலையும் இருந்தது. அவருடைய மனைவி ஏழு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மூன்று வருடமாக அவர் அங்கே, இவர் இங்கே. அம்மணி மாற்றலுக்கு விண்ணப்பித்திருந்தார். கணவர் தம் நிலையை விளக்கி மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்ப வேண்டும். கெடு வெள்ளி மாலை நான்கு மணி. விட்டால் அடுத்த வருடம்தான்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. “எழுதிட்டீங்களா?”

“கருவி தயாராகிட்டு இருக்கு.”

“ஒரு பக்கத்துக்கு என்னங்க கருவி?”

“தினம் பதினோரு நிமிஷம் மிச்சமாகும், தெரியுமா?”

“முதல்ல கடிதத்தை எழுதுங்க.”

எங்கே எழுதுவது? எடிட்டரை நம் விருப்பப்படி வளைக்க ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்திலேயே தமிழில் ஒரு குறிப்பு எழுதினார் நம்மவர். எழுதினார், உருகினார், மறுபடி எழுதினார். வியாழன் மாலை கோப்பு அறுநூற்று நாற்பது வரியைத் தொட்டது.

“ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிப் போட்டுடலாமேப்பா” என்றார் ‘ரெண்டுவிரல்’. இரண்டே விரலால் தட்டச்சு செய்யும் சீனியர் அவர். அன்று மட்டும் பதினான்கு கடிதங்களை முடித்திருந்தார். நம்மவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வெள்ளி மூன்றேமுக்காலுக்கு ஒருவழியாகக் கடிதம் பிறந்தது. குறை சொல்லக் கூடாது, நல்ல கடிதம். ‘வீட்டை நானே பூட்டி, நானே திறக்கிறேன். உள்ளே வந்ததும் யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை’ என்று எழுதியபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மெயிலில் இணைக்கக் கோப்புப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். மீதியை இயந்திரமே நிரப்பிக்கொண்டது. சரியான கோப்புதானா என்று பார்க்க மூன்று செகண்ட் ஆகும். மூன்று செகண்டை வீணடிக்கிற ஆளா அவர்? அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. அம்மணி போனில் நிதானமாக வாசித்தார்.

“‘தங்கள் கணவரின் அறுநூற்று நாற்பது வரி விளக்கம் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது. இது இல்லாமல் இத்தனை காலம் எப்படி வாழ்ந்தேன் என்று அவர் உருகுவது எஸ்கேப் விசையைப் பற்றி எனத் தெரிகிறது. இனி எனக்கு ஒரு குறையும் இல்லை என்று முடித்திருக்கிறார். மனைவி பற்றி எந்த வரியிலும் குறிப்பில்லை. ஆகவே, மாற்றலுக்கான அவசியம் எழவில்லை.’”

நம்மவர் தாம் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தார். “கோப்பு மாறிப் போச்சும்மா.”

“சரி விடுங்க. தினம் எத்தனை நிமிஷம் மிச்சம்னு சொன்னீங்க?”

“பதினொண்ணு.”

மறுமுனையில் அம்மணி கணக்குப் போட்டார்.

“வருஷத்துக்கு அறுபத்தாறு மணி நேரம். இங்க வந்துட்டுப் போகப் பதினாலு. நாலு தடவை வந்து என்னைப் பாத்துட்டுப் போகலாம். அதுக்கப்புறமும் பத்து மணி நேரம் மிஞ்சும். அதுல அடுத்த வருஷத்துக்கான கடிதத்தை எழுதிடுங்க. கையால.”