மலையைப் பார்த்த காந்த முள்

நம் நாட்டு விஞ்ஞான வரலாற்றை எழுத உத்தேசித்திருப்பவர்கள், பழனி அடிவாரத்தில் எங்கள் பஞ்சாமிர்தக் கடையின் பின்கட்டை ஒரு முறை வந்து பார்வையிடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒருத்தி, நெய் டின்களுக்கும் நாட்டுச் சர்க்கரை மூட்டைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, பி.எஸ்ஸி. வகுப்பின் 'மின்னியலும் காந்தவியலும்' பாடத்தை முழுவதுமாகப் படித்து முடித்தது அங்கேதான். ஆண்டு 1961. அந்த மேதை நான்தான். இதுவரை யாரும் கூட்டம் போட்டுப் பாராட்டாததால் நானே பாராட்டிக்கொள்கிறேன்.

உண்மையில் கல்லூரியில் படித்தவர் என் அண்ணன் சேனாதிபதி. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தார். எல்லாப் பாடங்களிலும் தேறியவர், இந்த ஒரு பாடத்தில் மட்டும் 'வெற்றி ஒத்திவைக்கப்பட்டு' செப்டம்பர் பரீட்சைக்காக வீட்டுக்கு வந்திருந்தார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எங்களுக்குள் ஒரு வேலைப் பங்கீடு உண்டு. கல்லூரிக்குப் போவது அவர் பொறுப்பு. அவருடைய செய்முறைக் குறிப்பேட்டை எழுதுவது என் பொறுப்பு.

எழுதுவதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அது என் சொந்தத் திமிர். புத்தகம் ஆங்கிலம், ஒரு நாளைக்கு அரைப் பக்கம் நகரும். எங்கள் வீட்டு அகராதியில் 'எஸ்' எழுத்துக்கு அப்பால் பக்கங்கள் கிடையாது. ஆகவே 'வோல்டேஜ்' என்பது இன்றளவும் எனக்குச் சற்று மர்மமான பொருள். புரிந்தவரை தமிழில் எழுதி, நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பி, நெய் டின்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். எறும்புகள் மட்டும் அவற்றை ஆழ்ந்து வாசித்தன.

அண்ணன் தேற வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். காரணம் பாசமல்ல. மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று அம்மா மூலமாக நான் அனுப்பிய மனுவுக்கு, அப்பா பொன்னுவேல் பிறப்பித்த ஆணை இதுதான்: "மொதல்ல அவன் பாஸ் பண்ணட்டும். பெறகு இவ சோலியப் பாப்போம்."

மனுவை நேரில் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நான் கூச்ச சுபாவம் உள்ளவள். பழக்காரர் 'மணி என்ன?' என்று கேட்டால்கூட உள்ளே ஓடிவிடுவேன். எங்கள் தெருவில் இதற்கு 'அடக்கம்' என்று பெயர். எனக்கு அதில் நல்ல பெயர் உண்டு.

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அண்ணன் யாரோ ஒரு சிநேகிதரிடம் இரவல் வாங்கிய காந்த முள் பெட்டியைத் பின்கட்டில் இருந்த தம் மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்குள் முள் ஆடி ஆடி நின்றது. வடக்கைக் காட்டி அல்ல, மலையைக் காட்டி. பெட்டியைத் திருப்பினார். மலை. தட்டினார். மலை.

"அப்பா, வெரசா வாங்க!" என்று கத்தினார்.

அப்பா வந்தார். குனிந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, ஆண்டவன் இழுக்குறாருடா."

"முள்ளு வடக்கத்தான் காட்டணுங்கப்பா. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதுனவன் பழனிக்கு வந்திருக்கானா?"

மாலைக்குள் தெரு கூடிவிட்டது. ஜட்கா வண்டி ஓட்டும் ராமர் முள்ளுக்குச் சூடம் காட்டலாமா என்று கேட்டார். பஞ்சாமிர்த டின்னில் 'காந்தம் வணங்கிய கந்தன் மலை' என்று அச்சடிப்பதென அப்பா தலைமையில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மூன்றாம் நாள் அண்ணனே பாதி நம்பிவிட்டார். குறிப்பேட்டில் அப்படியே எழுதும்படி என்னிடம் சொன்னார்.

முள் ஏன் மலையைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பெருக்குகிறவளுக்குத்தான் மேசையின் அடிப்பக்கம் தெரியும். அண்ணன் முதல் தடவை தேறாமல் போனது ஊர்க் கண் பட்டதால்தான் என்று அம்மா குப்பம்மாள் முடிவு செய்து, ராமரின் குதிரைக் குளம்பிலிருந்து கழற்றிய பழைய லாடம் ஒன்றை வாங்கி, மேசைப் பலகைக்கு அடியில், மலைப் பக்கமாகக் கட்டியிருந்தாள். கட்டியதை வெளியே சொன்னால் பலிக்காது. ஆகவே அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், 'அருகில் இரும்புப் பொருள்கள் இருக்கக் கூடாது' என்ற முன்னெச்சரிக்கையைக் குறிப்பேட்டில் பதினோரு முறை எழுதியிருந்தேன். பதினோரு முறையும் அண்ணன் அதன்கீழ் கையொப்பமிட்டிருந்தார்.

குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'மேசைக்கு அடியில் லாடம் இருக்கிறது. முள் அதைத்தான் பார்க்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.' அண்ணன் தம் குறிப்பேட்டைப் படிக்கும் வழக்கம் இல்லாதவர் என்பதை மறந்துவிட்டேன்.

படித்தவர் வேறொருவர். அண்ணனின் பேராசிரியர் மயில்சாமி முடி காணிக்கை செலுத்தப் பழனிக்கு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பஞ்சாமிர்தம் வாங்கக் கடைக்கு வந்தவரை, அப்பா பெருமையோடு முள்ளைத் தரிசிக்கப் பின்கட்டுக்கு அழைத்து வந்தார். அவர் முள்ளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். குறிப்பேட்டைப் புரட்டினார். திடீரென்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது கையில் லாடம் இருந்தது. முள் ஒரு ஆட்டம் ஆடி வடக்கே திரும்பியது.

"ஐயோ, பலிக்காமப் போச்சே!" என்றாள் அம்மா.

"இந்தப் பென்சில் எழுத்து யாருது, சேனாதிபதி?"

"தங்கச்சியோடதுங்க சார். ஒம்பதாங் கிளாஸோட நின்னவ. சும்மா பாத்து எழுதுவா."

"இது பாத்து எழுதுனது இல்லப்பா. புத்தகத்துல லாடம் எங்க வருது?" அவர் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, இந்தப் பொண்ண எதுக்கு நிப்பாட்டுனீங்க? இங்க பள்ளிக்கூடத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. இன்னைக்கே கடிதம் தர்றேன்."

அப்பா லாடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை.

"சுந்தரி, இங்க வா தாயி. இதெல்லாம் புரிஞ்சுதான் எழுதுனியா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. அண்ணன் பாஸ் பண்ணுற வரைக்கும் காக்க வேணாம். திங்கக்கெழமையே கொண்டுபோய்ச் சேத்துடுறேன்."

நான்கு நோட்டுப் புத்தகங்களும் தொண்டைக்கு வந்தன. பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு என்னங்கப்பா தெரியும்? அண்ணன் எழுதச் சொன்னாரு, எழுதுனேன்."

அண்ணன் மூச்சு விட்டார். பேராசிரியர் பேனாவை மூடினார்.

"நல்ல அடக்கமான பொண்ணு," என்றார்.

"எங்க வளப்பு அப்படிங்க," என்றாள் அம்மா.

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். எனக்குப் பாடம் தெரியும் என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது; அவர்களை விட்டுவிடலாம். பேராசிரியர் ஊகித்தார், கேட்கவும் கேட்டார். அண்ணனுக்குப் பாதி தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை, அதை நான் மன்னிக்கப்போவதில்லை. முழுவதும் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். தெரியாது என்று சொன்னவளும் அவள்தான்.